சந்தனப் பொட்டு வைத்த சிடி

ஒருவர் சிடியை எப்படிப் பிடிக்கிறார் என்பதை வைத்தே அவரைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அது என்னை அதிகம் ஏமாற்றியதில்லை. ஓரத்தை மட்டும் தொட்டு, நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துப் பிடிப்பவர்கள் உண்டு; அவர்களுக்கு என் வீட்டில் சாயா கிடைக்கும். அப்பளத்தை எடுப்பதுபோல் உள்ளங்கையால் அள்ளி, வாயால் ஊதி, சட்டை வயிற்றில் வட்டவட்டமாகத் தேய்த்து, "இப்ப ஓடும் பாருங்க" என்று நீட்டுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்குப் பேச்சு குறைவு.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் சிடி போடக்கூடிய கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. சுக்கும் மிளகும் அனுப்பும் ஓர் ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லாவற்றையும் மாற்றியபோது, நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பாசம் ஒன்றும் இல்லை. அதன் கீபோர்டு என் விரலுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். இன்று வருகிற லேப்டாப் எதிலும் சிடி போட வழியே இல்லை என்பதால், பரணில் கிடக்கும் கல்யாணம், காது குத்து, அரங்கேற்றம் எல்லாம் என் வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஓடவில்லை என்றால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் பழசு. பழசாக இருப்பதால்தான் என்னிடம் வந்தார்கள் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும்.

உண்மையில் பாதிக் குற்றம் எங்கள் ஊர்க் காற்றினுடையது. உப்பும் ஈரமும் சேர்ந்து எதையும் சும்மா விடாது. கம்ப்யூட்டரின் சிடி தட்டு மழைக்காலத்தில் வெளியே வர மறுக்கும். முன்பக்கம் இருக்கும் குட்டித் துளையில் சேலைப் பின்னை நீட்டிக் குத்தினால்தான் வரும். சிடியை உறையோடு பீரோவில் வைத்தால் பூசணம் பிடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊறுகாய்க்குப் பிடிப்பதும் சிடிக்குப் பிடிப்பதும் ஒரே ஜாதிதான்.

போன நவராத்திரி முடிந்த விஜயதசமியன்று, நான் காலைச் சாயாவைக்கூடக் குடித்து முடிக்கவில்லை, தையல்காரி வந்து நின்றாள். எங்கள் தெருவின் கோடியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். என்னைப்போல அவளும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு திருப்பூணித்துறையில். மகனுக்குக் களமசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. இதெல்லாம் தெருவுக்கே தெரிந்த விஷயம். அவள் கையில் ஒரு வாழையிலைத் துண்டு இருந்தது. அதன்மேல், பிரசாதம் ஏந்துவதுபோல், ஒரு சிடி.

"அக்கா, இது ஒண்ணு ஓடுமான்னு நோக்கித் தாங்களேன். பூஜை எடுத்ததும் நேரே இங்கதான் கொண்டு வரேன்."

சிடியின் முகத்தில் மாலையும் கழுத்துமாக அவளும் அவள் புருஷனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினேன். பளபளக்கும் பக்கத்தில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். அன்றைய பொட்டு மட்டுமில்லை. சுற்றிலும் போன வருஷங்களின் பொட்டுகள் காய்ந்து செதிலாக ஒட்டியிருந்தன. சிலவற்றை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"பூஜையில வெச்சா பொட்டு வைக்க வேண்டாமா? கத்திரிக்கோலுக்கு வெச்சோம், இஞ்சு டேப்புக்கு வெச்சோம், இதுக்கும் வெச்சோம்."

"பின்பக்கமா வைப்பாங்க?"

"முன்னாடி வெச்சா எங்க ரெண்டு பேர் முகமும் மறைஞ்சு போகுமே அக்கா!"

கல்யாணம் இரண்டு சிடியாக வந்ததாம். முதல் சிடியை ஒரு சொந்தக்காரி பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனாள்; போனது போனதுதான். மிச்சமிருப்பதாவது கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று வருஷாவருஷம் நவராத்திரியில் தையல் சாமான்களோடு இதையும் பூஜையில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்த பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. அதனால் பொட்டு ஏறிக்கொண்டே போனது யாருக்கும் உறுத்தவில்லை. காப்பாற்றுவதற்காகவே கெடுப்பது நம் மக்களுக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டேன், வாய்விட்டும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "இது ஓடலைன்னா என் அண்ணன் கல்யாணத்துக்கு வர மாட்டான்" என்றாள்.

அந்த அண்ணனை எனக்குத் தெரியும். பள்ளுருத்தியில் ஆக்ரிக் கடை வைத்திருப்பவர். பழைய இரும்பு, பேப்பர், உடைந்த ஃபிரிட்ஜ் எல்லாம் எடைக்கு எடுப்பார். தங்கச்சி வீடு இருக்கும் தெருவுக்குள் ஆட்டோகூட விடமாட்டார், சுற்றிப் போவார். காரணம் அவள் கல்யாணத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண் கையில் பொரி அள்ளிப் போடுவது கூடப் பிறந்தவனின் உரிமை. அந்தப் பொரியைத்தான் அக்கினியில் இடுவார்கள். அன்று அந்த நேரத்தில் அண்ணன் மண்டபத்தில் இல்லை. பின்கட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள், பரிமாற ஆள் போதவில்லை, இவர் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். நேரம் போகிறதே என்று பெரியப்பா மகனை உட்கார வைத்துப் பொரி போட வைத்துவிட்டார்கள். அண்ணன் ஓடி வந்தபோது எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது.

"வேற ஆளை உட்கார வெச்சதுகூட அவனுக்குக் கோபமில்லை. 'என்னைக் காணோமேன்னு அவ தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கலை, நல்லா குனிஞ்சு உட்கார்ந்திருந்தா'ன்னு சொல்றான். நான் பார்த்தேன் அக்கா. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சிடி வந்த புதுசுல நானே அதைப் பார்த்திருக்கேன், இதுல இருக்கு. அவன்தான் அன்னிக்குப் பார்க்க வர மாட்டேன்னுட்டான்."

இப்போது மகள் பள்ளுருத்திக்கே போய், தாய்மாமன் இல்லாமல் மணவறை ஏற மாட்டேன் என்று மாமன் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் கல் இல்லையே. "உங்கம்மா திரும்பிப் பார்த்தது அந்த சிடியில இருக்குன்னா எனக்குக் காட்டட்டும். வரேன்" என்றிருக்கிறார். கல்யாண வீடியோ எடுத்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஆக, ஒரு மனுஷியின் சொல்லுக்கு இருந்த ஒரே சாட்சி வாழையிலையில் சந்தனம் பூசிக் கிடந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

முதலில் குளிப்பாட்டல். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, சிடியைப் பளபளப்பு மேலே பார்க்கும்படி அமிழ்த்தி வைத்தேன். சந்தனம் ஊறி இளகும்வரை தொடக் கூடாது. தையல்காரிக்குப் பொறுமையில்லை, நகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். "கையை எடு" என்று அதட்டினேன். பிறகு நைந்த வேட்டித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக, ஒற்றி ஒற்றி இழுத்தேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது. சிடியில் பதிவு வட்டமாகத்தான் ஓடுகிறது. குறுக்கே விழும் கீறலை டிரைவ் தாண்டிக் குதித்துவிடும், கூடவே வளைந்து ஓடும் கீறலில் மாட்டிக்கொள்ளும்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. படம் உண்மையில் பதிந்திருப்பது அந்தச் சிரித்த முகங்களுக்கு நேர் கீழே, மேல்பக்கத்து மெல்லிய பூச்சில்தான். பளபளப்பான பக்கம் கனமான பிளாஸ்டிக். கீறினாலும் ஓரளவு தேற்றலாம். முகத்துப் பக்கம் பொட்டு வைத்து நகத்தால் சுரண்டியிருந்தால் பூச்சே பெயர்ந்து வந்திருக்கும். பிரம்மாவே வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. முகம் மறையக் கூடாது என்று இவர்கள் செய்த கோணல் வேலைதான் சிடியைக் காப்பாற்றியிருந்தது. காலையில் நான் சொன்ன நக்கலைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனமில்லாமல் பேசாமல் துடைத்தேன்.

கம்ப்யூட்டரில் போட்டதும் கர்புர் என்று சுற்றியது. சிடியே இல்லை, போடு என்று திரையில் எழுத்து வந்தது. வெளியே எடுத்து, கீறல் இருந்த இடத்தில் வெள்ளைப் பற்பசை தொட்டு, மறுபடி நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தேய்த்துக் கழுவினேன். இந்த முறை சிடி இருப்பதை ஒத்துக்கொண்டது, நாயனம் கேட்டது, படம் மட்டும் கறுப்பு. இது பழைய கம்ப்யூட்டரின் வழக்கமான வீம்பு. அதற்குப் பிடித்த பிளேயரில் போடாமல், சிடிக்குள் போய், படம் இருக்கும் ஃபைலைத் தேடிப் பிடித்து வேறொரு பிளேயரில் திறந்தேன். தாமரை விரிந்தது. அதன் இதழுக்கு ஒன்றாக மாப்பிள்ளையும் பெண்ணும் சுழன்றார்கள். தையல்காரி கைதட்டினாள்.

மாங்கல்ய தாரணம் வரை ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு பெரியம்மாவின் முழங்கை திரை முழுக்க வந்து, சதுரம் சதுரமாக உடைந்து, அப்படியே நின்றது. எங்கே தேவையோ சரியாக அங்கே. தள்ளி ஓட்டினால் சம்பந்திகள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கலாம் என்றால், முக்கால்வாசி வரை வந்து, படிக்க முடியவில்லை என்று சொல்லி, எடுத்ததையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். தலைகீழாக நின்றும் பயனில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கல்யாணப் பெண்ணான மருமகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். தங்கச்சி சுவரோரம் நின்றாள். இவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினார். நான் படத்தை ஓட்டினேன். தாலி, மேளம், முழங்கை. நின்றது.

"கண்டோ சேச்சி? இவ்ளோதான். இதுல ஒண்ணும் கிடையாது."

"இருக்கு. சிடி திக்குது" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு நொண்டிச் சாக்கு வேணுமே" என்றார், சுவரைப் பார்த்து.

அவர் எழுந்து போனதும், தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் பொய் சொல்றேன்னே வெச்சுக்கட்டும். மகளுக்கு மாலை எடுத்துத் தர மட்டும் வந்தாப் போதும். மதி, போதும், இதை விட்டுடலாம் அக்கா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு தலை திரும்பியதா இல்லையா என்பதற்கு இருபது வருஷத்துக்கு மேலாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மனிதர்மேலா, அதை மறைக்கும் அந்த முழங்கைமேலா? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். போகும் முன்பு அவர் சிடியை வெளியே எடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தார். ஓரத்தைத்தான் பிடித்தார். விரல் நடு ஓட்டையில் இருந்தது. பளபளப்பை வெளிச்சத்தில் சாய்த்து, கீறலையே வெகுநேரம் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. அவர்தான். இந்த முறை ஆட்டோவைத் தெருவுக்குள்ளேயே விட்டிருந்தார். தோர்த்துத் துண்டில் எதையோ சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் பிடித்திருந்தார். பிரித்தால் பழைய சிடி டிரைவ். கடைக்கு எடைக்கு வந்த கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாம்.

"வேற டிரைவ்ல போட்டா சிலப்போ ஓடும்னு ஒரு பையன் பறஞ்சான். சும்மா கிடந்தது. வெறுதே கொண்டு வந்தேன்" என்றார்.

சும்மா ஒன்றும் கொண்டு வரவில்லை. அதன் தூசியை யாரோ பிரஷ் வைத்துத் துடைத்திருந்தார்கள். ஓடக் கூடாது என்று நினைக்கிறவர் துண்டில் சுற்றி எடுத்து வருவாரா? அவருக்கும் அது ஓட வேண்டும். தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஒரு ஆள் ஆசைப்பட்டுக்கொண்டே கோபமாகவும் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாயா போட்டுக் கொடுத்தேன்.

அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. என்னுடையது திணறும் இடத்தைக் கிழட்டு டிரைவ் ஒன்று தடவித் தடவிப் படித்துவிடும். இது என்னுடையதைவிடக் கிழடு, வேகம் இல்லை, அதுதான் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து மாட்டினேன். அவர் டார்ச் பிடித்தார். படிக்க முடியாத இடம் வந்தால் மொத்தத்தையும் தூக்கி எறியாமல், திரும்பத் திரும்ப முயன்று, முடியாததை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும் நகல் சாஃப்ட்வேர் ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஓட விட்டேன். டிரைவ் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. அந்தக் கெட்ட இடத்தை அது தாண்டுவதற்குள் வெயில் சன்னலை விட்டு இறங்கிவிட்டது. அவர் கடைக்குப் போன் செய்து, வரமாட்டேன், பூட்டிக்கொள் என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அவளையும் கூப்பிடுங்க" என்றார்.

தையல்காரி தோளில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தாள். நகலைத் திறந்தேன். தாலி கட்டினார்கள். முழங்கை வந்தது, உடைந்தது, ஒரு பச்சைக் கோடு குறுக்கே ஓடியது, முழங்கை விலகியது.

பெண் தலையை நிமிர்த்திப் பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். பெரியம்மாவின் கை அவள் தலையில் வந்து அமர்ந்து கீழே அழுத்தியது. மறுபடி நிமிர்ந்தாள், இந்த முறை உதடும் அசைந்தது. மறுபடி அந்தக் கை. புரோகிதர் அவசரப்படுத்திக் கையை ஆட்டினார். யாரோ ஒருவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பெண் இன்னொரு முறை தலையைத் தூக்கப் பார்த்தாள், கை விடவில்லை, குனிந்தாள். பொரி விழுந்தது. அந்த நேரத்தில்தான், திரையின் ஓரத்தில், பக்கவாட்டுக் கதவில் ஓர் ஆள் வந்து நின்றான். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் வாளி, ஒல்லியான இளைஞன். அவன் பார்த்தபோது அவள் தலை குனிந்திருந்தது. ஒரே படத்துக்குள் இருவரும் இருந்தார்கள். பிறகு எங்கிருந்தோ சிவப்பு இதயங்கள் பறந்து வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டன.

நாயனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி போடுங்க சேச்சி."

போட்டேன். அந்தக் கை இறங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பெரியம்மாவோட கை நல்ல கனமான கை" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியும். நானும் வாங்கியிருக்கேன்."

தையல்காரி அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். "நீ வாளியோட அங்க வந்து நின்னியா? எல்லாம் முடிஞ்சப்புறம்தான் நீ வந்தேன்னு நினைச்சிருந்தேனே அண்ணா" என்றாள். அந்தக் காட்சியை அவள் புதிதில் எத்தனையோ முறை பார்த்தவள். அப்போதெல்லாம் தன் தலையைத்தான் பார்த்திருக்கிறாள், ஓரத்துக் கதவைப் பார்க்கவில்லை. சாயா கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவ வேண்டியதற்கு மேலாகவே கழுவினேன்.

திரும்பி வரும்போது அவர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயா, மாலையை எவனிடமும் சொல்லி வைக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன், பரிமாறுவதற்கு ஆள் கணக்காகச் சொல்லு, குறையக் கூடாது என்று வரிசையாக. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செரி, செரி என்றாள். சிடியை நான் உறையில் போட்டுக் கொடுத்து, இனி இதற்குப் பொட்டு வைத்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்றேன். நகலை அவள் மகளின் போனுக்கு அனுப்பினேன்.

தை மாதம் கல்யாணத்துக்குப் போனேன். மருமகளை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வந்தவர் அவர்தான்; வேட்டி மடிப்பு கலையாமல், பெரிய மனுஷனாக இருந்தார். பின்கட்டில் பந்திக்கு ஆள் போதவில்லை என்று யாரோ வந்து அவர் காதில் சொன்னார்கள். அவர் அசையவே இல்லை. தாலி கட்டி முடிந்ததும் தையல்காரி தலையைத் திருப்பி அண்ணனைத் தேடினாள். அவர் மணவறையை ஒட்டி, பெண்ணின் தம்பியை மணிக்கட்டில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான் நிற்கிறார் என்றார்கள்.

"மாமா, கை வலிக்குது. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றான் அவன்.

"பொரி போட்டுட்டு எங்க வேணா போ" என்றார்.